கூரை மின்சாரத்தின் கணக்கு யார் கையில்? செட்டிநாட்டு வீடுகளுக்கான கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கம் வீட்டு மெத்தையில், அதாவது மொட்டை மாடியில், சோலார் போட்டவர்களும் போடப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தக் கம்பெனி பேனல் நல்லது, விலை என்ன என்பதெல்லாம் இதில் இல்லை. அவற்றைச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். விளைந்த மின்சாரத்தின் கணக்கு எங்கே எழுதப்படுகிறது, அதைப் பார்க்கும் உரிமை யாருக்கு இருக்கிறது, அது வீட்டுக்காரர் கைக்கு வர என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

மின்சாரம் வருகிறது, பில்லும் குறைந்துவிட்டது. இதற்கு மேல் கணக்கு எதற்கு?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பின்கட்டு மெத்தையில் 5 கிலோவாட் போட்டோம். பேனல்கள் இரண்டு வரிசைகளாக, அவற்றின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரில் வந்து சேர்கின்றன. ஒரு பங்குனி மாதத்தில் ஒரு வரிசையின் இணைப்பு முனை சூட்டில் உருகிக் கழன்றுவிட்டது. மற்ற வரிசை ஓடிக்கொண்டுதான் இருந்தது. இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. வீட்டில் இருப்பது இரண்டே பேர் என்பதால் பில்லும் வழக்கம்போல் சிறிதாகவே வந்தது. ஆனி மாதம் மெத்தையைக் கழுவ ஏறியவர் கருகிய வயரைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த மூன்று மாதத்தில் நாங்கள் இழந்தது சுமார் 900 யூனிட்.

பணம் போனதை விட எனக்கு வலித்தது வேறொன்று. கழன்ற அன்றைக்கே விளைச்சல் பாதியாகச் சரிந்தது, நிறுவியவரின் செயலியில் பதிவாகியிருந்தது. அதைப் பார்க்க வேண்டிய ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார். எங்களுக்கோ அதன் கடவுச்சொல்லே தரப்படவில்லை. எங்கள் கூரையில், எங்கள் காசில் போட்ட பொருளின் கணக்கு எங்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் எட்டும் இடத்தில் இருந்தது.

ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், கடல் தாண்டிய கடையின் கணக்கு தவறாமல் ஊருக்கு வந்தது. முதலாளி முகப்பில் உட்கார்ந்து ஐந்தொகை பார்த்தார். தலைக்கு மேலே இருக்கும் மெத்தையின் கணக்கு நமக்கு வராமல் இருப்பதை நாம் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

அப்படி என்னென்ன கணக்குகள் இருக்கின்றன?

முதன்மையாக இரண்டு. ஒன்று, மின்வாரியத்தின் இருவழி மீட்டர். வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்த யூனிட், வீட்டிலிருந்து வெளியே போன யூனிட் இரண்டையும் அது தனித்தனியாக எண்ணும். மற்றொன்று, இன்வெர்ட்டரின் பதிவு. பேனல்கள் மொத்தம் எவ்வளவு விளைவித்தன என்பதை அது சொல்லும்.

இந்த இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், பிறகு மீட்டரில் கோளாறு என்று கவலைப்படுகிறார்கள். கோளாறு இல்லை. விளைந்ததில் வீடு அங்கேயே எடுத்துக்கொண்ட பகுதி மீட்டருக்குத் தெரியவே தெரியாது. விளக்கத்துக்காக ஓர் உதாரணம் தருகிறேன். இரண்டு மாதத்தில் இன்வெர்ட்டர் 700 யூனிட் காட்டுகிறது. மீட்டரில் வெளியே போனது 430, உள்ளே வந்தது 210. அப்படியானால் 700இல் 430 போக, மீதி 270 யூனிட்டை வீடு நேரடியாகப் பயன்படுத்தியிருக்கிறது. இத்துடன் வெளியிலிருந்து வந்த 210ஐச் சேர்த்தால் வீட்டின் உண்மையான செலவு 480 யூனிட்.

இந்த 480 என்ற எண் எந்த பில்லிலும் இருக்காது. இன்னொரு ஏசி வாங்கலாமா, பகலில் மோட்டார் போடலாமா, பேட்டரி தேவையா என்று எதை முடிவு செய்யவும் இதுதான் வேண்டும். இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு மட்டுமே அது கிடைக்கும்.

எவ்வளவு விளைய வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நம் பகுதி வெயிலுக்கு, நிழல் விழாத 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும், மாசி, பங்குனியில் கூடும். ஒரு நாள் குறைந்தால் மேகம். தொடர்ந்து பத்து நாள் குறைந்தால் தூசி, தென்னை மட்டை நிழல், அல்லது கோளாறு.

மின்வாரிய இணையதளத்தில் எங்கள் பில் விவரம் இருக்கிறதே, அது போதாதா?

பில் கட்டுவதற்குப் போதும். இணைப்பு எண்ணை வைத்துப் பழைய பயன்பாட்டையும் கட்டிய தொகையையும் பார்க்க முடிவது நல்ல வசதி. சோலார் போடும் முன் கடைசி ஓராண்டுப் பயன்பாட்டை அதிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் அது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எழுதப்படும் ஒற்றை வரி. அறுபது நாளில் எந்த நாள், எந்த மணி என்று அதில் கிடையாது.

மின்சார உலகில் கணக்குக்கான அடிப்படை அளவு 15 நிமிடம். நாட்டின் மின் தொகுப்பே ஒரு நாளை 96 கூறுகளாகப் பிரித்துத்தான் திட்டமிடப்படுகிறது. அறுபது நாளுக்கு 5,760 கூறுகள். அவ்வளவையும் அழுத்தி ஒரே எண்ணாகத் தருவதுதான் நம் பில். பில்லைப் படமெடுத்து வைப்பதும் பி.டி.எஃப். கோப்பாக இறக்கி வைப்பதும் ஆவணத்துக்கு உதவும். கணினி படித்துக் கூட்டிக் கழிக்கக்கூடிய அட்டவணையாகக் கிடைத்தால்தான் அது தரவு.

செயலியின் கடவுச்சொல் நிறுவியவரிடம் இருக்கிறது. கேட்டால் "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்.

நல்ல மனத்தோடுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் ஏற்காதீர்கள். பெரும்பாலான இன்வெர்ட்டர் செயலிகளில் நிறுவியவர் கணக்கு, உரிமையாளர் கணக்கு, பார்வையாளர் கணக்கு எனப் படிகள் உண்டு. அவசரத்தில் நிறுவியவர் தன் பெயரிலேயே நிலையத்தைப் பதிந்துவிட்டு, உங்களைப் பார்வையாளராகச் சேர்ப்பார். பார்வையாளருக்கு இன்றைய படம் தெரியும். பல செயலிகளில் பழைய பதிவை இறக்கவோ, வேறொரு பழுதுபார்ப்பவருக்கு அனுமதி கொடுக்கவோ முடியாது.

நிலையம் உங்கள் பெயரில் மாற்றப்பட வேண்டும், நிறுவியவர் உங்கள் அனுமதியுடன் உள்ளே வருபவராக இருக்க வேண்டும். சாவி உங்களிடம் இருக்கட்டும், வேலை செய்ய வருபவருக்குத் திறந்து விடுங்கள். கடைசித் தவணை கொடுக்கும் முன் இதைக் கேட்டால் ஐந்து நிமிட வேலை. கொடுத்த பிறகு கேட்டால் ஐந்து மாதம் அலைய வேண்டியிருக்கும், நான் அலைந்தேன்.

ஒப்பந்தத்தில் எப்படி எழுதச் சொல்ல வேண்டும்?

நான் எழுதிக் கொடுக்கும் வாசகம் இது: "இன்வெர்ட்டர் பதிவுகளின் உரிமையாளர் கணக்கு வீட்டுக்காரரின் மின்னஞ்சலில் தொடங்கப்படும். விளைச்சல், மின்னழுத்தம், பிழைக்குறிகள் ஆகியவற்றை அட்டவணைக் கோப்பாக எந்நேரமும் இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கும். இன்வெர்ட்டரின் வரிசை எண், அதை அமைப்பதற்கான கடவுச்சொல், கம்பிகளின் அளவு, பேனல்கள் எந்த வரிசையில் இணைந்துள்ளன என்ற வரைபடம் ஆகியவை ஒப்படைப்பு நாளில் எழுத்தில் தரப்படும்." மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வருகிறது. மானியத்துக்கான தாள்களில் காட்டும் அக்கறையில் கால் பங்கை இந்த வாசகத்தில் காட்டினால் போதும்.

வீடு பூட்டிக் கிடக்கிறது. இன்டர்நெட் கிடையாது. என்ன செய்வது?

நம் ஊர்களுக்கே உரிய சிக்கல் இது. இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் வீட்டு வைஃபையை நம்பித்தான் தகவல் அனுப்புகின்றன. கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீட்டில் வைஃபைக்கு யார் மாதாமாதம் கட்டுவார்கள்? சிம் கார்டு போட்ட பதிவுக் கருவி கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். முகப்பின் தடித்த சுவரும் தேக்குக் கதவும் தாண்டி சிக்னல் வருகிறதா என்று இன்வெர்ட்டர் மாட்டும் இடத்தில் நின்று உங்கள் போனில் முதலில் பாருங்கள்.

அதுவும் முடியாவிட்டால், காவலுக்கு இருப்பவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். இன்வெர்ட்டர் திரையில் மொத்த யூனிட், மீட்டர் திரையில் உள்ளே வந்தது, வெளியே போனது என மூன்று எண்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில். மீட்டர் திரை தானாக மாறி மாறிக் காட்டும், பொத்தானை அழுத்தியும் பார்க்கலாம். எந்தக் குறிக்கு எந்த எண் என்று ஒரு முறை படமெடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் சமையல்கார அம்மா ஒருவர் இப்படி எழுதி வந்த நோட்டைப் பார்த்தேன். ஒரு வாரம்கூட விடுபடவில்லை. எந்தச் செயலியும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை.

இணைப்பு ஐயா பெயரில் இருக்கிறது. அவர் காலமாகி இருபது ஆண்டு ஆகிறது. வீட்டுக்குப் பதினொரு புள்ளி, அதாவது பங்குக் குடும்பம். தரவைக் கேட்கும் உரிமை யாருக்கு?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது யார் ஆதாரை இணைப்பது என்று எத்தனை வீடுகளில் பேச்சு நடந்தது என்பது நினைவிருக்கும். அதே முடிச்சு இங்கேயும் வருகிறது. மின்வாரியத்தைப் பொறுத்தவரை நுகர்வோர் என்பவர் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர். அவர் இல்லாதபோது, ஓ.டி.பி. போகும் கைபேசியை வைத்திருப்பவரே நடைமுறையில் உரிமையாளர் ஆகிவிடுகிறார். அந்தக் கைபேசி சிங்கப்பூரில் இருக்கும்.

முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள். மற்ற பங்காளிகளின் ஒப்புதல் கடிதம் வேண்டியிருக்கும். சோலார் போட எப்படியும் அவர்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரே கடிதத்தில் வாங்குங்கள். அடுத்து, வீட்டின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். தனி ஆளின் மின்னஞ்சல் வேண்டாம். இன்வெர்ட்டர் கணக்கு, மின்வாரியக் கணக்கு, மானியத் தாள்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். அதன் கடவுச்சொல் குறைந்தது இரண்டு புள்ளிகளிடம் இருக்கட்டும். வீட்டுச் செலவைப் பங்கு பிரிப்பவர்கள் பில் குறைவதையும் பங்கு பிரித்துப் பார்க்க விரும்புவார்கள். எல்லோரும் பார்க்கும்படி கணக்கு இருந்தால் மனத்தாங்கல் வராது.

உச்சி வெயிலில் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுகிறது. பேனல் பழுதா?

பெரும்பாலும் பேனல் குற்றமற்றது. மின்னழுத்தம்தான் காரணமாக இருக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே இதில் ஒரு பாத்திரம்.

வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி மின்னழுத்தம் 110 விழுக்காட்டைத் தாண்டினால், அதாவது 253 வோல்ட்டுக்கு மேல் போனால், இன்வெர்ட்டர் இரண்டு விநாடிக்குள் துண்டித்துக்கொள்ள வேண்டும். அது பாதுகாப்பு. மின்சாரம் வெளியே போக வேண்டுமானால் இன்வெர்ட்டர் முனையில் மின்னழுத்தம் தெருவை விடச் சற்று உயர வேண்டும், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவது போல. கம்பி மெலிதாகவும் நீளமாகவும் இருந்தால் அந்த மேடு உயர்ந்துகொண்டே போகும்.

நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீள்பவை. மீட்டர் முகப்பில் இருக்கும். முகப்பின் அழகு கெடக் கூடாது என்று பேனலைப் பின்கட்டு மெத்தையில் போடுவார்கள், இன்வெர்ட்டரையும் அங்கேயே மாட்டுவார்கள். வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டி 80 மீட்டர் கம்பி ஓடுகிறது என்று வையுங்கள். 3 கிலோவாட் என்றால் சுமார் 13 ஆம்பியர். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போக வர இந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய 10 வோல்ட் உயரும். 10 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தால் சுமார் 4 வோல்ட்தான். தெருவில் நண்பகலில் 245 வோல்ட் இருந்தால், மெல்லிய கம்பி போட்ட வீட்டில் இன்வெர்ட்டர் 255ஐப் பார்த்து நின்றுவிடும். தடித்த கம்பி போட்ட வீட்டில் 249இல் ஓடிக்கொண்டிருக்கும்.

இதைத் தீர்க்கத் தேவை இரண்டு பதிவுகள்: இன்வெர்ட்டர் முனையின் மின்னழுத்தம், மீட்டர் முனையின் மின்னழுத்தம், இரண்டும் ஒரே நேரத்தில். வித்தியாசம் பெரிது என்றால் உங்கள் கம்பியை மாற்றுங்கள். மீட்டரிலேயே அதிகம் என்றால் மின்வாரியம் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்க வேண்டும். இந்தப் பதிவு இல்லாமல் நிறுவியவர் ஈபியைக் கைகாட்டுகிறார், லைன்மேன் நிறுவியவரைக் கைகாட்டுகிறார், வீட்டுக்காரர் நடுவில் நிற்கிறார்.

கரண்ட் போனால் வெயில் இருந்தும் சோலார் ஏன் நின்றுவிடுகிறது?

கம்பத்தில் வேலை செய்பவரின் உயிருக்காக. அவர் லைனை அணைத்துவிட்டு ஏறியிருக்கும்போது உங்கள் மெத்தையிலிருந்து மின்சாரம் போகக் கூடாது. பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால் வீட்டுக்குள் மட்டும் ஓட்டலாம்.

எங்கள் மெத்தையில் என்ன நடக்கிறது என்று மின்வாரியத்துக்குத் தெரியுமா?

எவ்வளவு கிலோவாட் அனுமதித்தோம் என்று தெரியும். இந்த நிமிடம் எவ்வளவு விளைகிறது என்று பொதுவாகத் தெரியாது. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதியில் 2016இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய நிலையம் இருக்கிறது. அது போன்ற பெரிய நிலையங்களின் விளைச்சலைச் சென்னையில் உள்ள மாநில மின்சுமை மையம் நேரடியாகக் கண்காணிக்கிறது, அடுத்த நாளுக்கான முன்கணிப்பையும் கேட்டு வாங்குகிறது. வீட்டுக் கூரைகளுக்கு அந்தக் கண் கிடையாது. துணைமின் நிலையத்திலிருந்து பார்ப்பவருக்கு நம் கூரைகள் மின்சாரம் தருபவையாகத் தெரிவதில்லை. ஊரில் தேவை ஏனோ குறைந்திருக்கிறது என்றுதான் தெரியும். ஒரு மேகம் கடந்தால் தேவை திடீரென்று ஏறியது போலத் தெரியும்.

பத்து வீடுகள் இருந்தவரை இது பொருட்டில்லை. ஒரு கோடி வீடுகள் என்று மத்திய அரசு 2024இல் இலக்கு வைத்த பிறகு இதைக் கண்ணை மூடிக்கொண்டு நடத்த முடியாது. கூரைகளையும் பேட்டரிகளையும் மின்வண்டிச் சார்ஜர்களையும் பரவலாக்கப்பட்ட மின்வளங்கள் என்கிறார்கள். அவை பரவியிருப்பது போலவே அவற்றின் தகவலும் பரவிக் கிடக்கிறது: கொஞ்சம் மீட்டரில், கொஞ்சம் இன்வெர்ட்டர் கம்பெனியின் சர்வரில், கொஞ்சம் பிரிவு அலுவலக ஏட்டில். வீட்டுக்காரர், மின்வாரியம், பழுதுபார்ப்பவர் என மூன்று பேரும் தத்தமக்குத் தேவையானதை முறையாகப் பெற வழி அமைத்தால் ஊர் முழுக்கப் பயன் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் இன்னும் இடம் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

டிரான்ஸ்ஃபார்மரின் திறன் அதன் மேலேயே எழுதியிருக்கும், 63, 100, 250 கே.வி.ஏ. என்று. அதில் ஏற்கெனவே எத்தனை கிலோவாட் சோலார் இணைந்திருக்கிறது என்பது பிரிவு அலுவலகத்தில் கேட்டால் தெரியும். சொல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். டிரான்ஸ்ஃபார்மரின் திறன், இணைந்த சோலார் இணைப்புகளின் எண்ணிக்கை, மொத்தக் கிலோவாட் என மூன்றை மட்டும் கேளுங்கள். யார் வீடு, எந்த எண் என்று கேட்காதீர்கள்; அது தனிநபர் விவரம் என்று மறுக்கப்படும், மறுக்கப்படுவதும் சரி.

வீட்டுக்காரருக்கு ஓர் ஆறுதல். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின்சார நுகர்வோர் உரிமை விதிகளின்படி 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்கள் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு இல்லாமலே ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். 5 கிலோவாட் வரை, மின்பாதையை வலுப்படுத்தும் செலவு பகிர்மான நிறுவனத்துடையது. இடம் இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடுமா?

பாதி தீரும். 2020ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதிகளில் 2023 ஜூனில் செய்த திருத்தம், ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒரு முறையாவது தொலைவிலிருந்து படிக்க வேண்டும், அந்தத் தரவை நுகர்வோருக்குப் பகிர வேண்டும் என்கிறது. மீட்டர்கள் தகவல் பரிமாறும் மொழிக்கும் ஐ.எஸ். 15959 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. ஆகவே தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை.

மீதிப் பாதி, அந்தத் தரவு என்ன வடிவில் வருகிறது என்பதில் இருக்கிறது. செயலியில் வண்ணப் படமாகக் காட்டிவிட்டு இறக்க வழி வைக்காமல் விட்டால், கண்ணாடி அலமாரிக்குள் பேரேட்டை வைத்துப் பூட்டியது போல. 15 நிமிட அளவு, உள்ளே வந்ததும் வெளியே போனதும் தனித்தனி, மின்னழுத்தம், குறைந்தது ஓராண்டுப் பழைய பதிவு, அட்டவணையாக இறக்கும் வசதி, நான் சொல்லும் ஒருவருக்கு மட்டும் அனுப்பவும் பிறகு நிறுத்தவும் ஒரு பொத்தான். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் ஒவ்வொரு முறையும் இதைத்தான் எழுதி அனுப்புகிறேன். நீங்களும் அனுப்புங்கள்.

வெளிநாடுகளில் இது நடக்கிறதா?

நடக்கிறது. அமெரிக்காவில் 2012இல் கிரீன் பட்டன் என்ற முறை தொடங்கியது. மின் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினால் உங்கள் பயன்பாட்டுக் கணக்கு பொதுவான ஒரே வடிவில் இறங்கும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 2021இல் அதைக் கட்டாயமாக்கி, நிறுவனங்களுக்கு 2023 நவம்பர் வரை அவகாசம் தந்தது. ஆஸ்திரேலியா வங்கிக் கணக்குக்குத் தந்த தரவு உரிமையை 2022இல் மின்சாரத்துக்கும் நீட்டித்தது. நம் மத்திய மின் அமைச்சகமும் 2025இல் இந்திய எரிசக்தி அடுக்கு என்ற பெயரில் பொதுவான எண்மக் கட்டமைப்பு ஒன்றை அறிவித்திருக்கிறது. யு.பி.ஐ. செய்த நாட்டுக்கு இது முடியாத வேலை இல்லை.

மணிக்கு மணி கணக்கு வெளியே போனால், பூட்டிய வீடு எது என்று திருடனுக்குத் தெரிந்துவிடாதா?

மிக நியாயமான அச்சம். இதைக் கேட்காதவர்களுக்கும் நானே சொல்கிறேன். 15 நிமிடக் கணக்கைப் பார்த்தால் வீட்டில் ஆள் இருக்கிறதா, எப்போது எழுகிறார்கள், எப்போது ஊருக்குப் போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் தஞ்சாவூர் ஓவியமும் இருக்கும் ஆளில்லாத வீட்டுக்கு அது சாதாரணத் தகவல் இல்லை. செயலியில் பேனல் படத்தை எல்லோருக்கும் தெரியும்படி வைப்பது, வாட்ஸ்அப் குழுவில் தினமும் விளைச்சல் படம் போடுவது இரண்டையும் தவிருங்கள். சில செயலிகள் நிலையத்தின் இடத்தை வரைபடத்தில் பொதுவில் காட்டும், அமைப்புகளில் போய் அதை அணைத்துவிடுங்கள்.

திறந்த தரவு என்பது எல்லோருடைய வீட்டையும் எல்லோருக்கும் திறந்து விடுவது அல்ல. தன் கணக்கு தனக்கு முழுமையாக; மற்றவருக்குத் தன் அனுமதியுடன், தேவையான அளவு; ஊருக்குக் கூட்டுத்தொகை மட்டும். கூட்டுத்தொகையிலும் கலிஃபோர்னியாவில் ஒரு விதி வைத்தார்கள்: குறைந்தது 15 நுகர்வோர் இருக்க வேண்டும், ஒருவர் பங்கு 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அப்போதுதான் தொகையிலிருந்து தனி வீட்டைப் பிரித்துக் காண முடியாது. இங்கே 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும், தன் தரவில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதும் அதில் உரிமைகள்.

மீட்டர் தவறாக எண்ணுகிறது என்று சந்தேகம். என்ன வழி?

முதலில் மேலே சொன்ன இரண்டு ஏட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 2024 திருத்தத்தின்படி ஐந்து நாளில் கூடுதல் மீட்டர் ஒன்று வைத்துக் குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். இந்த ஏற்பாடு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே போகும்போது உங்கள் நோட்டுப் புத்தகமும் இறக்கி வைத்த அட்டவணையும்தான் உங்கள் வக்கீல்.

பேட்டரி வைத்தால் தரவு இன்னும் தேவையா?

இன்னும் அதிகம் தேவை. பேனலைப் போட்டுவிட்டு மறந்தாலும் ஓடும். பேட்டரி எத்தனை முறை ஏறி இறங்கியது, எவ்வளவு சூட்டில் இருந்தது, எவ்வளவு ஆழம் வரை தீர்ந்தது என்பவற்றைப் பொறுத்தே அதன் ஆயுள் அமையும். உத்தரவாதம் கேட்டுப் போனால் விற்றவர் முதலில் பார்ப்பது இந்தப் பதிவைத்தான். அது அவரிடம் மட்டுமே இருந்தால் அவர் சொன்னதுதான் கணக்கு.

மின்வேதியியலில் நாட்டின் முதன்மை ஆய்வகம் நம் காரைக்குடியில் இருக்கிறது என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்டது சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். பேட்டரி ஆய்வில் இத்தனை ஆண்டுப் பெயர் பெற்ற ஊரில், ஒரு வீட்டு பேட்டரியின் பதிவைப் படிக்கக் கற்றவர்கள் தெருவுக்கு ஒருவராவது உருவாக வேண்டும் என்பது என் ஆசை. பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு இதில் வேலையும் இருக்கிறது.

தோட்டத்துப் பம்புசெட்டுக்கும் இது பொருந்துமா?

இலவச மின்சாரம் பெறும் பம்புசெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே இல்லை என்பதால் மின்வாரியத்திடம் கணக்கும் இல்லை. விவசாயிகளுக்கான மத்திய அரசின் குசும் திட்டத்தில் வாங்கிய சோலார் பம்பு என்றால் தொலைக் கண்காணிப்புக் கருவி உடன் வரும். விற்றவரிடம் அதன் செயலியைக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு தண்ணீர் இறைத்தோம் என்பதும் அதில் தெரியும்.

பழைய பதிவு அழிந்துவிட்டது, அல்லது செயலி நடத்திய கம்பெனியே மூடிவிட்டது. திரும்பக் கிடைக்குமா?

மொத்த யூனிட் இன்வெர்ட்டரின் உள்ளே எழுதப்பட்டிருக்கும், அது பெரும்பாலும் அழியாது. சில இன்வெர்ட்டர்கள் மாதவாரி எண்களையும் திரையில் காட்டும். நாள்வாரி, நிமிடவாரி விவரம் சர்வரில் மட்டும் இருந்திருந்தால் போனது போனதுதான். இன்று மொத்த யூனிட்டைத் தேதியுடன் படமெடுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குங்கள். தமிழ் மாதம் பிறக்கும் அன்று கடந்த மாதக் கோப்பை இறக்கி வீட்டு மின்னஞ்சலுக்கு அனுப்பி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இறக்கும் வசதி இல்லாத செயலி என்றால் உள்ளூர்ப் பழுதுபார்ப்பவரிடம் சொல்லி, இன்வெர்ட்டரின் தகவல் துளையில் கம்பி செருகி ஒரு சிறு கருவியில் நேரடியாகப் பதியச் செய்யலாம். பல இன்வெர்ட்டர்களில் மோட்பஸ் என்ற பொதுமொழி இருக்கிறது. வாங்கும்போதே அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.